இறக்கத்தில் ஆமை

அந்த வண்டிகளுக்கு ஆமை என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. சண்டை நடந்த காலத்தில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. சண்டை முடிந்து, மேலே இருந்த துப்பாக்கியைக் கழற்றி, அது இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்த பிறகு முதுகு மட்டும்தான் மிச்சம். நாலு சக்கரம், சுற்றிலும் கனத்த இரும்புத் தகடு, ஜன்னல் என்ற பெயரில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. இப்போது அவை சிப்பாய்களைச் சுமப்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி தோண்டப் போகிற பெண்களைச் சுமக்கின்றன.

ஆமைகளைச் செய்த கம்பெனி எங்கோ கடல் தாண்டி இருந்தது. உதிரி பாகம் கேட்டால் பதில்கூட வராது. ஆகவே டிப்போ வேலியை ஒட்டி நின்ற தகரப் பட்டறைக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

பட்டறைக்காரியை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். சண்டைக்கு முன்பு லாரி பிரேக் வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் புருஷன் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. நாளாக ஆகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. புருஷன் அந்த ஆமைகளில் ஒன்றுக்கு டிரைவர். அவன் தங்கை, அதாவது மேஸ்திரியின் நாத்தனார், பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டினாள். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை, ஓர் அடுப்படி. அதுதான் வீடு. சாப்பாட்டில் கிரீஸ் வாசனை வருகிறது என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் ஆமையைப் பிரித்தபோது மேஸ்திரி அதன் அடியில் படுத்துக்கொண்டே சிரித்தது நாத்தனாருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"என்ன அண்ணி, அடியில படுத்துக்கிட்டு தனியா சிரிக்கிறீங்க?"

"இங்க வந்து பாருடி. இதுக்குப் போயி பயந்தோமே. இரும்புச் சட்டை போட்ட லாரிடி இது!"

உண்மைதான். எந்த ராணுவமும் எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்வதில்லை. தகடு மட்டும்தான் அவர்களுடையது. உள்ளே எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு எல்லாம் எங்கோ ஓடுகிற ஒரு லாரிக்கு அண்ணன் தம்பி முறை. ஆகவே உறவைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ரேடியேட்டர் குழாய்க்கு டிராக்டர் குழாய் ஒத்துவந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பழைய பஸ். தண்ணீர் பம்பு மாவு மில் எஞ்சினிலிருந்து வந்தது. அதன் மூக்கை மட்டும் நாத்தனார் கடைந்து குறுக்கினாள். ஒவ்வொன்றும் பொருந்தும்போது மேஸ்திரிக்கு வருகிற சந்தோஷம் அலாதியானது. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது மாதிரி அவள் சந்தைக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

கடைசியாக வந்தது பிரேக். டிரைவர் ஓட்டுகிற ஆமையில் பெடலை மிதித்தால் கால் தரை வரைக்கும் போனது.

லாரி பிரேக் ஆனாலும் ஆமை பிரேக் ஆனாலும் சங்கதி ஒன்றுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓடும். அங்கே ஒரு சின்ன சிலிண்டர். அதற்குள் இரண்டு பக்கமும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு ரப்பர். அதைக் கப் என்பார்கள். எண்ணெய் தள்ள, கப் நகர, பிரேக் கட்டை போய் டிரம்மில் உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங் கட்டையை இழுத்துக்கொள்ளும், எண்ணெய் வந்த வழியே திரும்பிப் போகும். அத்தனை கனமான வண்டியை நிறுத்துவது கட்டைவிரல் பருமனுள்ள அந்த ரப்பர்தான்.

ஆமையின் கப்கள் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தன. மேஸ்திரி அளவெடுத்தாள். பால் லாரியின் கப் அச்சு அசலாக அதே அளவு. வாங்கி வந்து, சாஸரில் ஆமையின் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, கப்களை அதில் போட்டு வழுவழுப்பாக்கி, ஒவ்வொன்றாக மாட்டினாள். உலர்ந்த ரப்பரை மாட்டினால் கீறல் விழும். அது பட்டறைப் பழக்கம். மாஸ்டர் சிலிண்டருக்கும் புதிதுதான். மாட்டும்போது நாத்தனார் டிப்போவிலிருந்து வந்த எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, இது சிவப்பா இருக்கே. நாம ஊத்துறது மஞ்சளால்ல இருக்கும்?"

"கம்பெனிக்கு ஒரு கலர் போடுவான். பிரேக் ஆயில் எல்லாம் பிரேக் ஆயில்தான். நீ அந்த நிப்பிளைப் பிடி."

முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பெடல் கல்லு மாதிரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மேஸ்திரி, இப்படிப் பிடிச்சா நான் முன்னால பறந்து போயிருவேன்" என்றான்.

ஒருநாள் ஓய்வுக்குப் பிறகு, காலையில் வெடி தோண்டும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆமை மலைக்குக் கிளம்பியது. பின்னாலேயே அவர்களுக்குக் குடிக்கவும் கழுவவும் தண்ணீர் லாரி.

மேஸ்திரி டீ குடித்துவிட்டு மேஜையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். சாஸரில் ஒரு கப் மிஞ்சிக் கிடந்தது. துடைத்து எடுத்து வைக்கலாம் என்று விரலால் தொட்டாள்.

விரல் சட்டென்று பின்வாங்கியது. ரப்பர் ரப்பராக இல்லை. ஊறிப்போன பயறு மாதிரி உப்பி, தொளதொளவென்று, தொட்டால் கறுப்பு ஒட்டியது. பக்கத்தில் புதிய கப் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் மாதிரி இருந்தன.

ஒரு பழைய சிலிண்டரை எடுத்து உப்பிய கப்பை அதற்குள் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"இங்க வா" என்றாள். குரலைக் கேட்டு நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டே வந்தாள்.

மேஸ்திரி இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். ஒன்றில் பட்டறையின் மஞ்சள் எண்ணெயை ஊற்றினாள். அது சர்பத் மாதிரி தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. பிரேக் ஆயில் அப்படித்தான். தண்ணீரைக் கண்டால் விடாது. இன்னொன்றில் டின்னிலிருந்த சிவப்பை ஊற்றினாள். அது கலக்கவில்லை. மேலே தட்டையாக, சிவப்பாக மிதந்தது.

"இது மண்ணெண்ணெய் ஜாதி" என்றாள். "எஞ்சின் ஆயில் ஜாதி. பால் லாரி ரப்பரு இதுக்கு ஆகாது. குடிச்சுக் குடிச்சு வீங்கும்."

"வீங்கினா? பிரேக் பிடிக்காதா அண்ணி?"

"பிடிக்கும்டி. பிடிச்சா விடாது."

நாத்தனார் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி அதற்குள் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

டிப்போ வாசல் அறையில்தான் வயர்லெஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டோர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் நிதானமாகத்தான் செய்வார். ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆமையைக் கூப்பிடுங்க. வண்டியை நிறுத்தச் சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"பிரேக் தப்பு. நான் போட்ட ரப்பர் வீங்குது."

அவர் ரொட்டியை டீயிலேயே விட்டுவிட்டார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இந்த வயர்லெஸ்ஸை மேலதிகாரி அறையிலயும் கேட்பாங்க, தெரியுமில்ல? பிரேக்குன்னு சொன்னா உங்க பட்டறைக்கு அதோட பூட்டுதான். எஞ்சின் சூடாகுதான்னு பாருங்க, நிறுத்துங்கன்னு சொல்லுவோம். நிக்கப் போறது ஒண்ணுதானே."

மேஸ்திரி ஒரு கணம் யோசித்தாள். எஞ்சின் என்று சொன்னால் வீட்டுக்காரர் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பார். முள் சரியாக இருக்கும். 'என் பொண்டாட்டிக்கு வேற வேலையில்ல' என்று சிரித்துவிட்டு ஓட்டுவார். நிறுத்தினாலும் எதைக்கொண்டு நிறுத்துவார்? காலால் பெடலை மிதித்துத்தான்.

"குடுங்கண்ணே" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

கரகரவென்ற இரைச்சலுக்குப் பிறகு புருஷன் குரல் வந்தது. "என்ன மேஸ்திரி, காலங்காத்தால குரல் கேக்கணும்னு தோணிச்சா?"

"எங்க இருக்கீங்க?"

"மேட்டைத் தாண்டியாச்சு. இறங்கிட்டிருக்கோம். ஆமைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. ஏத்தத்துல மூச்சு வாங்குச்சு, சரி. இறக்கத்துலயும் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சாத்தான் நகருது. இப்படி ஒரு சோம்பேறி வண்டியை…"

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இழுப்பது பிரேக்கைத் தவிர வேறு எதுவுமில்லை.

"ஸ்டீரிங் எந்தப் பக்கமாவது இழுக்குதா?"

"வலது பக்கம் கொஞ்சம் இழுக்குது. ஏன்?"

அந்தப் பாதை அவளுக்குத் தெரியும். இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கற்கள். கற்களுக்கு நடுவே ஒரு லாரி போகலாம், பக்கவாட்டில் ஓர் ஆள் ஒட்டி நடக்கலாம். கல்லுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெடி எடுக்காத நிலம், சண்டைக்குப் பிறகு யாரும் கால் வைத்ததில்லை. ஒரு சக்கரம் மட்டும் முதலில் இறுகினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

"நான் சொல்றதைக் கேளுங்க. எதிர்த்துப் பேசாதீங்க. பிரேக்ல கால் வைக்காதீங்க."

"இறக்கத்துலயா?"

"மிதிச்சா எண்ணெய் போகும், திரும்பி வராது. மாஸ்டர்ல திரும்பி வர்ற ஓட்டையை ரப்பர் வீங்கி அடைச்சிருக்கு. ஒவ்வொரு மிதிக்கும் இறுகிக்கிட்டே போகும். நான் தப்பான ரப்பரைப் போட்டுட்டேன். புரியுதா?"

"புரியுது." இப்போது அந்தக் குரலில் கேலி இல்லை.

"ஃபர்ஸ்ட் கியருக்கு வாங்க. ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுங்க. எஞ்சினே வேகத்தைக் குறைக்கும். நல்லாக் குறைஞ்சதும் ஹேண்ட் பிரேக். வெடுக்குன்னு இழுக்காதீங்க. அது ஒயர்ல வேலை செய்யுது, எண்ணெய் கிடையாது. அது நல்லாத்தான் இருக்கு."

ஹேண்ட் பிரேக் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற தண்டைப் பிடிக்கிற ஒரு சின்னப் பிரேக். நிற்கிற வண்டியை நிறுத்திவைக்கும். ஓடுகிற வண்டியை மலையிலிருந்து இறக்க அதற்குச் சக்தி கிடையாது. ஆனால் இந்த நேரத்துக்கு அது போதும்.

அறையில் மூன்று பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் பின்னால் வந்து நின்றதை மேஸ்திரி அப்போதுதான் கவனித்தாள்.

"நின்னுருச்சு" என்றான் டிரைவர். மூச்சு வாங்கியது. "முன் சக்கரம் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நிக்குது. வலது முன்பக்கம் புகை வருது மேஸ்திரி."

"எல்லாரையும் பின் கதவு வழியா இறக்குங்க. டயர் தடத்துலயே நடந்து லாரிக்குப் போகச் சொல்லுங்க."

மைக் கை மாறுகிற சத்தம் கேட்டது. பெண்களின் குரல்கள், இரும்புக் கதவு, யாரோ ஒருத்தி இருமுவது. பிறகு ஓர் ஆண்குரல், தண்ணீர் லாரிக்காரனாக இருக்க வேண்டும்: "வாளியைக் கொண்டா! ரெண்டு வாளி ஊத்தினா அணைஞ்சிரும்!"

"ஊத்தாதீங்க!" என்று மேஸ்திரி கத்தினாள். "டிரம்ல தண்ணி படக் கூடாது! பழுக்கக் காய்ஞ்ச இரும்பு, தண்ணி பட்டா வெடிச்சிரும்! கேக்குதா? யாராவது கேக்குறீங்களா?"

பதில் இல்லை. அங்கே யாராவது பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை இவள் பேசுவது போகாது. மேஸ்திரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

பிறகு ஒரு பெண்குரல், அவசரமில்லாமல்: "கேக்குது. ஊத்தவிடல. வாளி என் கையில இருக்கு."

அது கொடிக்காரி. வெடி தோண்டும் பெண்களுக்குத் தலைவி. சுத்தமான இடத்தில் சின்னக் கொடி நட்டுக்கொண்டே போவது அவள் வேலை. அவள் கொடி நட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைக்கலாம் என்பார்கள்.

"அக்கா, புகை எங்கேருந்து வருது? டிரம்லயா, டயர்லயா?"

"ரெண்டுலயும். இப்ப டயர் ஓரத்துல சின்னதா தீ தெரியுது."

"சாக்கு இருக்கா?"

"நாங்க முட்டி போட்டு உக்காருற சாக்கு இருக்கு."

"நனைச்சுப் பிழிஞ்சு டயர் மேல போர்த்துங்க. டயர் மேல மட்டும். நடுவுல இரும்பைத் தொட வேணாம். மண்ணு போடாதீங்க."

"மண்ணுக்கு எங்க போறது?" என்றாள் கொடிக்காரி. "கல்லுக்கு அந்தப் பக்கம்தான் மண்ணு."

நிறைய நேரம் வெறும் இரைச்சல். ஸ்டோர்க்காரரின் டீயில் ரொட்டி கரைந்து அடியில் போய்விட்டது.

"அணைஞ்சிருச்சு. உன் புருஷன் கையைச் சுட்டுக்கிட்டார். பெருசா இல்ல" என்றாள் கொடிக்காரி. "ரப்பர் போட்டது யாரு?"

"நான்தான்கா."

"ம்" என்றாள் கொடிக்காரி.

அடுத்த வேலை இரும்பு ஆறும்வரை காத்திருப்பது. அதற்குள் மேஸ்திரி யோசித்து முடித்துவிட்டாள். ஆமையை அங்கேயே விட முடியாது. பின்னால் நிற்கிற லாரியும் திரும்ப முடியாது, பாதை அவ்வளவுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றெடுக்கிற நிப்பிள் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் அடைபட்ட எண்ணெய் பீச்சிக்கொண்டு வெளியேறும், கட்டை விட்டுவிடும், சக்கரம் சுற்றும். நல்லவேளையாக நிப்பிள் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிறது. வண்டிக்கு அடியில் ஊர்ந்தே போய்த் திறக்கலாம். கல் பக்கம் போக வேண்டாம். ஆனால் திறந்த பிறகு அந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது.

"லாரிக்காரர்கிட்ட சங்கிலி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றான் டிரைவர். "பின்னால கட்டணுமா?"

"லாரி மூக்கையும் ஆமை வாலையும் கட்டுங்க. தொங்கக் கூடாது, விறைப்பா இருக்கணும். அவர் டேங்க் நிறைய தண்ணியோட இருக்கார், ஆமையை விடக் கனம். அவர்தான் உங்க பிரேக். நீங்க ஃபர்ஸ்ட் கியர்ல முன்னால, அவர் ஃபர்ஸ்ட் கியர்ல பின்னால. சங்கிலி கட்டி, சக்கரத்துக்கு முன்னால உருளாம அண்டை குடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அப்புறம்தான் நிப்பிளைத் தொடணும். வரிசை மாறக் கூடாது."

"சரி."

"பொம்பளைங்க யாரும் வண்டிக்குள்ள வேணாம். லாரிக்குப் பின்னால தடத்துல நடந்து வரட்டும்."

"சரிம்மா." பிறகு, "மேஸ்திரி" என்றான்.

"சொல்லுங்க."

"கீழ வளைவுக்குப் போனா வயர்லெஸ் எடுக்காது. பயப்படாதே."

அதன் பிறகு பெட்டியில் மணல் கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டுமே.

மேஸ்திரி சுவரோரம் குந்தினாள். காலில் எங்கோ கல் குத்தி ரத்தம் காய்ந்திருந்தது. நாத்தனார் ஜன்னலருகே நின்றாள். அங்கிருந்து மலை தெரியும், பாதை தெரியாது.

"நான் கேட்டேன் அண்ணி."

"கேட்டே."

"கலர் வேறயா இருக்கேன்னு கேட்டேன். நிப்பிளைப் பிடின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உங்களுக்கு ஒரு சாமான் இன்னொண்ணுல போய் உக்காந்துட்டாப் போதும். தலைகால் புரியாது. எங்க அண்ணன் உள்ள இருக்கார்னு ஞாபகம் வராது." அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்ங்க."

"எதுக்குத் திட்டணும்? நீ சொல்றது அத்தனையும் சரி."

நாத்தனார் அதற்கு மேல் சண்டை போட முடியாமல் அழுதாள். ஸ்டோர்க்காரர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். மேஸ்திரி மனசுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது முதல் வளைவு. சங்கிலி விறைக்கிறது. லாரிக்காரர் அவசரப்படாமல் இருக்க வேண்டும். கொக்கி பட்டறையில் செய்ததா, கம்பெனிக் கொக்கியா? கம்பெனிக் கொக்கியாக இருக்கட்டும். இரண்டாவது வளைவு, அதுதான் செங்குத்து. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே வந்தால் தீய்ந்துவிடும்; இழுக்காமல் இருக்க வேண்டும். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா?

பெட்டி கரகரத்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மைக்குக்குப் பாய்ந்தார்கள்.

"சமதரைக்கு வந்தாச்சு" என்றது கொடிக்காரியின் குரல். "எல்லாரும் இருக்கோம். உன் புருஷன் கையில மருந்து போட்டுட்டிருக்காங்க, அதான் நான் பேசுறேன்."

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மேஸ்திரி மைக்கை அழுத்தினாள்.

"அக்கா… மன்னிச்சுக்கங்க."

"அது இருக்கட்டும். நாங்க ஒரு இடத்தைச் சுத்தம் பண்ணி முடிச்சா கடைசியில என்ன செய்வோம் தெரியுமா? நாங்களே அதுல நடந்து காட்டுவோம். அப்புறம்தான் ஊர்க்காரங்களை விடுவோம். நீ அடுத்த தடவை பிரேக் போட்டா எங்களோட உள்ள உக்காந்து இந்த இறக்கத்துல வரணும். சம்மதமா?"

"சம்மதம்கா."

பட்டறை பூட்டப்படவில்லை. மேலதிகாரி வந்து நிறையக் கத்தினார். கத்தி முடித்த பிறகு வேறு யாரிடம் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. ஆமைக்கேற்ற ரப்பர் கிடைக்காது, ஆகவே ரப்பருக்கேற்ற எண்ணெய் என்று மேஸ்திரி முடிவு செய்தாள். ஆனால் சிவப்பை வடித்துவிட்டு மஞ்சளை நிரப்பினால் போதாது. ஆமையோடு பிறந்த பழைய ரப்பருக்கு மஞ்சள் ஆகாது. குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சொட்டுச் சிவப்பு புது ரப்பருக்கு ஆகாது. ஆகவே எண்ணெய் தொடுகிற ஒவ்வொரு ரப்பரையும் கழற்றினார்கள். சக்கரத்துக்குப் போகிற வளையும் குழாய்கள், மூடிக்கு அடியில் இருந்த வளையம், எதையும் விடவில்லை. இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் ஊற்றி ஊதிக் காயவைத்தார்கள். நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் கையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். டிரைவர் கையில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்து, "ரெண்டு மேஸ்திரி ஆயாச்சா, இனி எனக்குச் சோறு கிடைச்ச மாதிரிதான்" என்றான்.

ஆமை மறுபடி மலைக்குக் கிளம்பிய காலையில் கொடிக்காரி பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி தலையைக் குனிந்து உள்ளே ஏறினாள். இத்தனை ஆமைகளைப் பிரித்துப் பூட்டியவள், ஒன்றில்கூடப் பயணம் போனதில்லை. உள்ளே இருட்டு, சூடு, பெயின்ட் வாசனை. இரண்டு பக்கமும் பெஞ்சு. எதிரெதிரே முழங்கால் இடிக்கப் பெண்கள். யாரும் அவளிடம் கோபமாகப் பேசவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஏற்றம் முழுக்க அவள் காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே எதுவும் தெரியாது. இங்கே இருப்பவர்கள் தினமும் இப்படித்தான் வருகிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. எங்கே போகிறோம் என்பது தெரியாமல், யாரோ எங்கோ முடுக்கிய போல்ட்டை நம்பி. மேடு வந்தது. எஞ்சின் சத்தம் தணிந்தது. தரை முன்பக்கம் சாய்ந்தது. எல்லோரும் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

டிரைவர் பிரேக்கை மிதித்தான். வண்டி அடங்கியது. காலை எடுத்தான். கட்டைகள் விட்டன, வண்டி இலகுவாக முன்னால் உருண்டது. மறுபடி மிதித்தான். மறுபடி விட்டது.

கொடிக்காரி குனிந்து இருட்டில் எதையோ பார்த்தாள். மேஸ்திரியின் வலது கால் எதிரே இருந்த தரைத்தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது; விரல்கள் வெளுத்திருந்தன.

"அங்க பெடல் இல்லையே" என்றாள்.

"தெரியும்கா" என்றாள் மேஸ்திரி. அடுத்த வளைவு வந்தது. காலை அவள் எடுக்கவில்லை.